அது என்ன ஊசி

வரவில்லை. பெர்க்மான்ஸ் மறுபடியும் கழிப்பறைக்குப் போய், அந்தப் பிளாஸ்டிக் குவளையைக் கையில் பிடித்தபடி சுவரின் வெள்ளை ஓடுகளை முறைத்துக்கொண்டு நின்றுவிட்டு, வெறுங்குவளையோடு திரும்பி வந்து நாற்காலியில் விழுந்தான். கூடவே போய்ப் பக்கத்தில் நின்ற சென்னியப்பனும் கூடவே வந்து உட்கார்ந்தார். கோயமுத்தூரில் ஏதோ கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியராம். ஆட்டம் முடிந்த விசில் ஊதியதிலிருந்து பெர்க்மான்ஸை விட்டு ஒரு கணமும் நகரக்கூடாது என்பதுதான் இன்றைக்கு அவருக்குக் கொடுத்திருக்கும் வேலை. ஊக்கமருந்துச் சோதனை, சிறுநீர் பிடித்துக் கொடுக்க வேண்டும். அணிக்கு ஒருவர் என்று சீட்டுப் போட்டு எடுத்ததில் இந்தப் பக்கம் பெர்க்மான்ஸ், அந்தப் பக்கம் இபோச்சா. "சங்கடப்படாதீங்ணா, எல்லாருக்கும் இப்படித்தான். வேர்த்துக் கொட்டிருக்குதில்ல, உள்ள ஒண்ணுமே இருக்காது. இன்னொரு பாட்டில் குடிங்க" என்று சென்னியப்பன் மூடி திறக்காத பாட்டிலை நீட்டினார். குடித்தான். தண்ணீர் தொண்டையில் இறங்குவது தெரிந்தது, நெஞ்சில் இறங்குவது தெரிந்தது, வயிற்றில் போய் விழுந்ததும் தெரிந்தது. அதற்கப்புறம் எங்கே போனது என்று தெரியவில்லை. இவ்வளவு நாளும் இதை யோசித்ததே இல்லையே என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. குடிக்கிற தண்ணீர் குடலுக்குப் போய், ரத்தத்துக்குப் போய், தலைக்கும் காலுக்கும் போய்ச் சுற்றிக்கொண்டு, எங்கெங்கே என்னென்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் கழுவி எடுத்துக்கொண்டுதான் கடைசியில் கீழே வருகிறது. அப்படியென்றால் முட்டிக்கும் போகும். வலது முட்டிக்குள்ளும் போய்க் கழுவிக்கொண்டு வரும். அந்த இடத்தில் நினைப்பு ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அவன் பாட்டிலைக் கீழே வைத்தான்.

எத்தனை ஊர்த் தண்ணீர். கல்கத்தாவில் கிளப்காரர்கள் கொடுத்த மாடி அறையில் குழாயைத் திறந்தால் துரு வாசம் வரும், அதை வடிகட்டிக் குடித்துத்தான் முதல் வருஷம் கோல் அடித்தான், இரண்டாம் வருஷம் வயிற்றுப்போக்கில் கிடந்தான். ஷில்லாங்கில் பல் கூசும். பல் தேய்க்கிறபோது ஈறு மரத்துப்போய், அரைமணி நேரம் யார் பேசினாலும் உதட்டைக் கோணிக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். மாலத்தீவில் கடலைக் காய்ச்சி எடுத்த தண்ணீர், அதற்கு ருசியே கிடையாது, நாலு பக்கமும் கடல் கிடக்க ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் கடலை ஞாபகப்படுத்தாதது அவனுக்கு அங்கே இருந்த வரைக்கும் புதிராகவே இருந்தது. டாக்காவில் ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் இளநீர், வெட்டிக் கொடுக்கிறவன் இவனை அடையாளம் கண்டு, எதிரணி ரசிகன் என்பதால் இவனுக்கு மட்டும் முற்றல் காயாகப் பார்த்து எடுப்பான். மலப்புறத்தில் செவன்ஸ் ஆடின காலத்தில் சர்பத். அறுவடை முடிந்த வயலில் குழல்விளக்குக் கட்டி, அணிக்கு ஏழே பேர், ஊரே சுற்றி நிற்கும், பந்து வெளியே போனால் கூட்டமே திருப்பி உதைக்கும். எல்லா ஊரிலும் அவனுக்கு வேலை ஒன்றுதான். பந்து வருகிற இடத்தில் நிற்க வேண்டும். வந்த பிறகு அடிக்கிறதை எவனும் அடிப்பான். வருவதற்கு முன்னால் அங்கே நிற்பது எப்படி என்று ஒரு நிருபர் கேட்டபோது, "தெரியல சார், அங்க போகணும்னு தோணும், போவேன்" என்றான். நிருபர் அதை அடக்கம் என்று நினைத்துச் சிரித்தார். அடக்கமெல்லாம் இல்லை, அவனுக்கு உண்மையாகவே தெரியாது. காலுக்குத் தெரிந்திருந்தது. கால் சொல்லிற்று, இவன் போனான். இப்போது அந்தக் கால் ஒன்றும் சொல்லாமல் நாற்காலிக்கு முன்னால் நீட்டிக்கொண்டு கிடக்கிறது, அடித்துப் போட்ட மாதிரி. முட்டியில் ஐஸ் பை. உள்ளே அந்த ஊசி.

அது என்ன ஊசி? முந்தாநாள் பயிற்சி முடிந்ததும் மேனேஜர் வந்து தோளில் கை போட்டு, "டாக்டர்கிட்ட ஒரு எட்டு போயிட்டு வந்துடு, சனிக்கிழமை நீ இல்லாம முடியாது" என்றார். கிளப் டாக்டர் ரெஜினால்டு முட்டியை இப்படி அப்படித் திருப்பிப் பார்த்தார். திருப்பும்போது உள்ளே மணலை அரைக்கிற மாதிரி ஒரு சத்தம், அது டாக்டருக்கும் கேட்டிருக்கும். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், வைத்தார். ஊசியைக் கையில் எடுத்து இவன் முகத்தைப் பார்த்தார். பஞ்சில் மருந்தைத் தொட்டுத் தேய்த்து, ஊசியைப் போட்டு, "ரெண்டு நாள் தாங்கும்" என்றார். என்ன ஊசி டாக்டர் என்று மூன்று வார்த்தை. வாயில் வரவில்லை. ஏன் வரவில்லை? கேட்டால் பதில் சொல்லிவிடுவார் என்பதால்தான். தடை பண்ணின மருந்துகளைப் பற்றி வருஷா வருஷம் ஒரு கூட்டம் போட்டுச் சொல்கிறார்கள், மூட்டில் போடுகிற சில ஊசிகூட ஆட்டத்துக்கு முன்னால் கூடாது என்று. அவன் எப்போதும் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாதித் தூக்கத்தில் கேட்டவன். பேர்கள் ஞாபகமில்லை, "கூடாது" என்ற வார்த்தை மட்டும் ஞாபகமிருக்கிறது. ஒரு வேளை அதுவாக இருந்தால் பேப்பரில் வரும். படத்தோடு வரும். கோல் அடித்த படம் எப்போதும் சின்னதாகத்தான் போடுவார்கள், இதைப் பெரிதாகப் போடுவார்கள். இத்தனை வருஷமாக அடித்த ஒவ்வொரு கோலுக்குப் பின்னாலும் ஒரு ஊசி இருந்ததாக ஊர் பேசும். பெண்டாட்டி ஷைஜா என்ன சொல்வாள்? மார்த்தாண்டத்தில் மெடிக்கல் ஷாப்பில் நிற்கிறவள். தலைவலி மாத்திரை வாங்க வருகிறவர்கூட அவளிடம், இது எதுக்கு, சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா என்று ஆயிரம் கேட்டுவிட்டுத்தான் வாயில் போடுகிறார். "உங்களுக்கு மட்டும் வாய் இல்லியா? ஒருத்தன் ஊசியத் தூக்கிட்டு வந்தா காலக் காட்டிட்டு இருப்பீங்களோ?" என்பாள். அதனால்தான் அவளிடம் சொல்லவில்லை.

எதிர் நாற்காலியில் இபோச்சா மூன்றாவது பாட்டிலைக் குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் வரவில்லை. மணிப்பூர்க்காரன், கோலுக்கு முன்னால் மறித்து நிற்கிற ஸ்டாப்பர், கட்டையான ஆள், புருவத்தில் பழைய தையல் இருக்கிறது. அந்தத் தையலுக்குக் காரணம் பெர்க்மான்ஸின் தலைதான், கோவாவில் ஒரு மழை ஆட்டத்தில். பெர்க்மான்ஸின் முன்பல்லில் ஒன்று பொய்ப்பல் என்பதற்குக் காரணம் இபோச்சாவின் முழங்கை. எந்தக் கிளப்புக்கு இவன் போனாலும் ஏதாவது ஒரு கிளப்பில் அவன் எதிரே வந்து நிற்பான். அவன் வியர்வையின் வாசம் பெர்க்மான்ஸுக்குத் தெரியும், மூச்சு வாங்குகிற சத்தம் தெரியும், இடது பக்கம் திரும்ப ஒரு கணம் கூடுதலாக ஆகும் என்று தெரியும். கல்யாணம் ஆனவனா, குழந்தை உண்டா, தெரியாது. கட்டிய பெண்டாட்டியைவிட அதிகமாக இடித்துக்கொண்டு நின்ற ஆளோடு இதுவரைக்கும் உட்கார்ந்து பேசினது கிடையாது என்பது இந்த அறைக்குள் வந்த பிறகுதான் உறைத்தது. அந்த வினோதம் ஊசியைக் கொஞ்சம் தள்ளி வைத்தது. "இபோச்சா" என்றான், இரண்டு பேருக்கும் பொதுவான அரைகுறை இந்தியில். "இன்னைக்கு அந்தக் கார்னர்ல, நான் அங்க வருவேன்னு உனக்குத் தெரிஞ்சிருந்தது. நான் கிளம்பறதுக்கு முன்னாடியே நீ கிளம்பிட்ட. எப்படி?" இபோச்சா பாட்டிலை இறக்கிவிட்டு இவனைச் சந்தேகமாகப் பார்த்தான். பிறகு, சொன்னால் என்ன நஷ்டம் என்று தோன்றியிருக்க வேண்டும். "நீ பூட்ஸைப் பாக்கற. ஒரு தடவை குனிஞ்சு. அப்புறம் கிட்ட இருக்கற போஸ்ட்டுக்கு ஓடற. எப்பவும் அப்படித்தான்."

"எப்பவுமா?"

"ஷில்லாங்ல நீ ஆடினப்போ இருந்தே."

பெர்க்மான்ஸ் குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தான். நிமிர்ந்தான். செய்து பார்க்கலாமா என்று இருந்தது. பூட்ஸை எதற்குப் பார்ப்பேன்? கயிறு அவிழ்ந்திருக்கிறதா என்றா? இல்லை, காலிடம் ஏதோ கேட்பதற்காகவா? தன் முதுகைத் தான் பார்த்ததில்லை என்பது போல, வேலையில் தன் முகத்தையும் தான் பார்த்ததில்லை. அங்கே போகணும்னு தோணும், போவேன் என்று நிருபரிடம் சொன்னானே, தோன்றுவதற்கும் போவதற்கும் நடுவில் ஒரு குனிதல் இருந்திருக்கிறது. அதை அவனுக்குத் தெரியாமல் ஒருவன் இத்தனை காலமாகப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். "அப்படின்னா தடுத்திருக்கலாமே? இன்னைக்கும் நான்தானே அடிச்சேன்?" என்று கேட்டான். இபோச்சா வாய் கொள்ளாமல் சிரித்தான். "தெரியறது வேற, கால் போய்ச் சேர்றது வேற. தெரிஞ்சும் பாதி தடவைதான் பிடிச்சேன்." "உன் டீம்ல யாருக்காவது சொன்னியா?" "எதுக்குச் சொல்லணும்? கோச் வந்து ரெண்டு பேரை உன் மேல போடுவான். நல்ல பேர் அவங்களுக்குப் போகும்." சென்னியப்பன் இந்தி புரியாமல் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, "என்னங்ணா, சண்டையா?" என்றார். "இல்ல சார், பேசறோம்" என்றான் பெர்க்மான்ஸ். பேசுகிறோம். கேட்டால் சொல்கிறார்கள். அவ்வளவு சுலபமாக இருக்கிறது.

கேட்கிற பழக்கம் வீட்டிலேயே கிடையாது. தூத்தூர்ப் பக்கம் கடற்கரை வீடு, அப்பா சுறா பிடிக்கிற விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர், போனால் மாதக்கணக்கு. திரும்பி வந்தால் அம்மா சோறு போடுவாள், குளிக்க வெந்நீர் வைப்பாள். அங்கே என்ன நடந்தது, காற்றா மழையா, யாருக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். ஒரு தடவை அப்பா ஒரு விரல் குறைந்த கையோடு வந்து உட்கார்ந்தார். அம்மா அந்தக் கையைப் பார்த்தாள், அன்றைக்கு மீனில் முள்ளை எடுத்துப் போட்டுக் கொடுத்தாள், அவ்வளவுதான். கேட்டால் அடுத்த தடவை அனுப்ப மனசு வராது என்று இருந்திருக்கும். பெர்க்மான்ஸ் அதை அப்படியே தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனான். கல்கத்தாக்காரர்கள் ஏன் விட்டார்கள் என்று கேட்கவில்லை, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். டாக்காவில் திடீரென்று ஏன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள் என்று கேட்கவில்லை. இந்த வருஷம் பாதி ஆட்டத்துக்கு மேல் ஏன் இறக்குவதில்லை, சின்னப் பையன்கள் ஏன் பந்தைத் தன் காலுக்குக் கொடுக்காமல் தலைக்கே தூக்கிப் போடுகிறார்கள், மேனேஜர் ஏன் அடுத்த வருஷத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் தோளில் கை போடுகிறார், எதையும் கேட்கவில்லை. கேட்காத வரைக்கும் எல்லாம் நடந்துகொண்டிருந்தது. ஓடிக்கொண்டே இருந்தால் கேட்க நேரம் இல்லை, அதுவும் ஒரு சௌகரியம். நின்றால்தான் வம்பு. இப்போது நிற்கச் சொல்லி, உட்காரச் சொல்லி, தண்ணீரையும் கொடுத்துக் காவலும் போட்டிருக்கிறார்கள். ஒரு வேளை வராததே அதனால்தானோ? உடம்பு தெரிந்தே அடைத்து வைத்திருக்கிறதோ? சோதிக்கிறார்கள் என்று தெரிந்து உள்ளே எல்லாக் கதவையும் சாத்திக்கொண்டதோ? உடம்புக்கு அவ்வளவு சாமர்த்தியம் உண்டா? பூட்ஸைப் பார்க்கிற சாமர்த்தியம் இருக்கிறதே, இதுவும் இருக்கலாம்.

சோதனை அதிகாரி உள்ளே வந்தார். டாக்டர் வைஜயந்தி, நரைத்த முடியை இறுக்கிக் கட்டினவர், எந்தத் தப்பையும் எதிர்பார்க்காத, எந்தத் தப்புக்கும் ஆச்சரியப்படாத முகம். "சும்மாதானே உக்காந்திருக்கீங்க, கேள்விகளை முடிச்சிடலாம்" என்று எதிரே அமர்ந்தார். "இந்த வாரத்துல ஏதாவது மாத்திரை, டானிக், ஊசி?"

இல்லை மேடம் என்று சொல்லலாம். வாய் அதற்குத் தயாராகவும் இருந்தது. எத்தனையோ ஊரில் எத்தனையோ அலுவலக மேஜைக்கு முன்னால் சொல்லிப் பழகின இல்லை. வலி இருக்கா, இல்லை. தூக்கம் வருதா, வருது. வீட்டு ஞாபகமா, இல்லை. ஆனால் அந்தக் கணத்தில் பயத்தைவிட வேறொன்று முன்னால் வந்து நின்றது. எனக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று இந்தக் குவளை தெரிந்துகொள்ளப் போகிறது, எங்கேயோ ஆய்வகத்தில் யாரோ முகம் தெரியாதவர் தெரிந்துகொள்ளப் போகிறார், எனக்கு மட்டும் தெரியாது.

"ஊசி போட்டேன் மேடம். முட்டியில. முந்தாநாள்."

"என்ன ஊசி?"

"தெரியாது."

"தெரியாதா?"

"கேக்கல."

அவர் பேனாவை வைத்தார். சென்னியப்பன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "போட்டவர் நம்பர் இருக்கா? இங்கயே, என் முன்னாடியே கூப்பிட்டுக் கேளுங்க" என்றார் டாக்டர் வைஜயந்தி. போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க வேண்டாம் என்று ஒரு மனசு சொன்னது, எடுக்கட்டும் என்று ஒரு மனசு. ரெஜினால்டு எடுத்தார்.

"பெர்க்மான்ஸ்! என்னா கோல்ப்பா அது!"

"டாக்டர், எனக்குப் போட்டீங்களே, அது என்ன ஊசி?"

அந்தப் பக்கம் பின்னணியில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அது நிறுத்தப்பட்டது. "ஏன், டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டாங்களா? பயப்படாத. அது வெறும் உப்புத்தண்ணி."

"உப்புத்தண்ணியா?"

"மருந்து போடக் கூடாது, போடவும் மாட்டேன். போட்டாலும் பிரயோசனம் இல்ல. ஸ்கேன்ல பாத்தேன், உன் முட்டியில குருத்தெலும்புன்னு ஒண்ணு மிச்சமே இல்லப்பா, எலும்பும் எலும்பும் உரசுது. இனிமே ஆடக்கூடாதுன்னு மேனேஜர்கிட்டச் சொல்லிட்டேன். இந்த ஆட்டம் மட்டும் போகட்டும், நானே அவன்கிட்ட சொல்லிக்கறேன்னாரு. நீ வந்து நின்ன. எதையாவது செய்யணுமேன்னு குத்தினேன். செஞ்சது தப்புதான்." பிறகு குரலை இறக்கி, "நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா அங்கயே சொல்லியிருப்பேன். ஊசியைக் கையில எடுத்துட்டுக் காத்துக்கிட்டுதான் இருந்தேன். நீ கேக்கவே இல்லையே."

ஐஸ் பையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் பாதத்தில் விழுந்தது. முடிந்துவிட்டது என்று அவன் தனக்குள் சொல்லிப் பார்த்தான். அந்த வார்த்தை எங்கேயும் போய் இடிக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கேள்வி, தானாக, வெட்கமே இல்லாமல் வாய்க்கு வந்துவிட்டது. "அப்ப நான் எப்படி ஓடினேன் டாக்டர்?"

"அதைத்தான் டிவியில பாத்துட்டு நானும் கேட்டுக்கிட்டிருந்தேன். தெரியல பெர்க்மான்ஸ். நெசமாத் தெரியல."

"உப்புத்தண்ணியாம் மேடம்" என்று போனை வைத்தான். "அப்ப ஒண்ணும் பிரச்சினையில்ல" என்று அவர் குறித்துக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை விஷயம் தீர்ந்தது. இபோச்சா புருவத்தை உயர்த்தினான், தையல் மேலே ஏறியது. "முட்டி போயிடுச்சாம். இனிமே ஆடக்கூடாதாம்" என்றான் பெர்க்மான்ஸ். ஷைஜாவுக்குச் சொல்வதற்கு முன்னால், தனக்கே சரியாகச் சொல்லிக்கொள்வதற்கு முன்னால் இவனிடம் சொல்கிறோமே என்று தோன்றியது, ஆனால் இவனைவிட யாருக்கு அதில் பாத்தியதை? இபோச்சா ஐஸ் பையை ஒதுக்கி, கேட்காமல் கொள்ளாமல் அந்த முட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தான். மாட்டின் நெற்றியில் கை வைக்கிற மாதிரி. "மடக்கு" என்றான். மடக்கினான். அரைக்கிற சத்தம் கைக்குள் கேட்டிருக்க வேண்டும், இபோச்சா தன் மொழியில் ஏதோ சொன்னான், வசவுதான், சந்தேகமில்லை. "இதை வெச்சுக்கிட்டா என்னைத் தாண்டிக் குதிச்ச?" என்று மறுபடியும் இந்திக்கு வந்தான். "வலிக்கலையா?" வலித்ததா? பெர்க்மான்ஸ் நிஜமாகவே தேடிப் பார்த்தான். கார்னர் கொடி, பந்து மேலே எழும்பியது, இபோச்சாவின் தோள், வலைக்குப் பின்னால் யாரோ ஒரு பெண்மணி தலையில் கை வைத்தது. அந்த இடத்தில் வலி இல்லை. அதற்கு முன்னால் இருந்தது, பின்னால் இருந்தது, இப்போது நன்றாகவே இருக்கிறது. நடுவில் மட்டும் எங்கே போயிருந்தது? எவ்வளவு யோசித்தாலும் இதற்கு யாரிடமும் பதில் இருக்காது போலிருக்கிறது. அது அவனுக்கு ஏனோ பிடித்திருந்தது. "எனக்கே தெரியல" என்றான். இபோச்சா கையை எடுக்கவில்லை. "நாளைலருந்து யாரை இடிக்கறது நான்?" என்று முணுமுணுத்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு நாலாவது பாட்டிலை எடுத்தான்.

அப்போது வந்தது. அடிவயிற்றில் ஒரு அசைவு, பிறகு ஒரு கனம், பிறகு ஓடு என்று ஒரு அவசரம். கதவுகளெல்லாம் திறந்துகொண்ட மாதிரி. பெர்க்மான்ஸ் குவளையை எடுத்துக்கொண்டு எழுந்தான், முட்டி வெட்டி இழுத்தது, நொண்டிக்கொண்டே போனான். சென்னியப்பன் ஓடி வந்து கூட நின்றார். எந்த ஊர்த் தண்ணீரோ, எங்கெங்கே சுற்றிக் கழுவிக்கொண்டு வந்ததோ, சூடாகக் குவளையில் விழுந்தது. விழ விழ அவனுக்குக் கண் நிறைந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டில் எது முதலில் என்று அவனுக்கே புரியவில்லை. வெளியே போய் ஷைஜாவுக்குப் போன் போட வேண்டும். அவள் ஆயிரம் கேள்வி கேட்பாள், கேட்கட்டும், ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

"முடிஞ்சிடுச்சு சார்" என்றான்.

சென்னியப்பன் எட்டிக் குவளையைப் பார்த்தார். "இன்னும் இல்லீங்ணா. அந்தக் கோடு வரைக்கும் வரோணும். அவசரமில்ல, நில்லுங்க."

நின்றான்.